துபாயா, இலண்டனா, கீழக்கரையா: ஆடை எழுத்தை எங்கிருந்து நடத்துவது?

ஆடை அலங்காரம் குறித்து எழுதுவதையும் படம் எடுத்து வெளியிடுவதையும் தொழிலாகக் கொள்ள நினைக்கும் பெண்கள் எங்கள் இராமநாதபுரக் கரையில் இப்போது ஓரளவு இருக்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரிலிருந்து கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: ஊரில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா, வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா? துபாயில் மூன்று ஆண்டும் இலண்டனில் ஒன்றரை ஆண்டும் இருந்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியவள் என்ற முறையில், மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. குடியிருப்பு ஊரில், தொழில் நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு இரண்டு பயணம் என்பதே நான் வந்து சேர்ந்த முடிவு. அந்த முடிவு எங்கெங்கே உதைக்கிறது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

பெரும்பாலோர் கடைசியாக விசாரிக்கும் விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்: சட்டப்படி எங்கே இதில் சம்பாதிக்கலாம்? இலண்டனுக்கு நான் போனது மாணவர் விசாவில். பிரிட்டனில் அந்த விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். சுயதொழில் செய்யக் கூடாது. செருப்புக் கடைக்காரர் ஒருவர் தம் சரக்கை அணிந்து நான்கு படம் வெளியிட்டால் பணம் தருவதாகச் சொன்னார். அது சம்பளம் ஆகாது, சுயதொழில் வருமானம்தான் என்பது தெரிந்திருந்ததால் மறுக்க வேண்டியதாயிற்று. ஆடைத் தொழிலின் நான்கு தலைநகரங்களுள் ஒன்றில் ஓராண்டு குடியிருந்தும், எழுத்தால் ஒரு பவுண்டு கூட நான் ஈட்டவில்லை. படிப்பு முடிந்து, 2021-இல் தொடங்கப்பட்ட பட்டதாரி விசாவுக்கு மாறிய பிறகுதான் வழி திறந்தது; அதில் சுயதொழிலுக்குத் தடை இல்லை. அந்த விசாவின் கடைசி நாள் வரை இருந்து பார்க்கும் பொறுமை எனக்கு இல்லாமல் போனது வேறு விஷயம்.

துபாயில் சிக்கல் வேறு மாதிரி. காசு வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்பவர்கள் உரிமம் பெற வேண்டும் என்று 2018-இலேயே அமீரகம் அறிவித்துவிட்டது. வேலை விசாவில் இருப்பவர் தனியாக இத்தொழிலைச் செய்ய விரும்பினால், வேலை கொடுத்தவரின் சம்மதமும் அநேகமாகத் தேவைப்படும். நான் கணக்கு எழுதிய நிறுவனம் தடையில்லாச் சான்றை ‘அடுத்த வாரம்’ தருவதாகவே ஏழு மாதம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் அங்கே வாசல் இருக்கிறது; நான் இருந்தபோது அதற்கு ஒரு விலை இருந்தது, விலையைக் கொடுத்தால் உள்ளே விட்டார்கள். சம்பாத்தியத்தின் மேல் தனிநபர் வருமான வரியும் கிடையாது. இலண்டன் மாணவருக்கு அந்த வாசலே இல்லை.

ஊரில் இருப்பவருக்கு அனுமதி கேட்டு யார் வாசலிலும் நிற்கும் வேலை இல்லை. விதிகள் மட்டும் உண்டு. காசு வாங்கிய படத்தில் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் நெறிமுறை வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய அரசும் அதையொட்டி வழிகாட்டுதல் வெளியிட்டது. ‘இலவசமாக வந்த சேலைக்கு எதற்கு வரி?’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் ஓராண்டில் கொடுக்கும் பொருளும் சலுகையும் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலை 1 முதல் அதற்கு 10 விழுக்காடு மூலவரி, அதாவது கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வரி, உண்டு. படம் எடுத்தபின் திருப்பி அனுப்பிவிட்டால் இல்லை. எங்கள் வீட்டுக் கூரியர் ரசீதுகளை உம்மா ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பது இதற்காகத்தான்.

அடுத்தது நிகழ்ச்சிகள். வெளிநாட்டு ஆசையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. நியூயார்க், இலண்டன், மிலான், பாரிஸ் என்ற வரிசையில் பிப்ரவரி–மார்ச்சிலும் செப்டம்பர்–அக்டோபரிலும், வடிவமைப்பாளர்கள் புது ஆடைகளை மேடையேற்றிக் காட்டும் ஆடை வாரங்கள் நடக்கின்றன. இவற்றில் மிலானுக்கும் பாரிசுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்; இலண்டனுக்குத் தனி, நியூயார்க்குக்குத் தனி. மூன்று விசாவுக்கும் சென்னைக்கு அலைய வேண்டும். இலண்டனில் குடியிருப்பவருக்கு அந்த ஊர் நிகழ்ச்சிக்காவது இந்த அலைச்சல் இல்லை என்பது உண்மையான லாபம். ஆனால் அந்த ஊரில் இருப்பதும் காட்சிக்கு உள்ளே இருப்பதும் ஒன்றல்ல. ஆடை வாரத்தை நடத்தும் அமைப்பிடம் பதிவு செய்துகொள்வது முதல் படி மட்டுமே. ஒவ்வொரு வடிவமைப்பாளரின் காட்சிக்கும் அழைப்பு அவரவரின் விளம்பரத் தொடர்பாளரிடமிருந்து தனியாக வர வேண்டும்.

எனக்கு வந்த முதல் அழைப்பு நிற்குமிடத்துக்கானது. வரிசையில் நின்று உள்ளே போய், குறித்த நேரம் கடந்து அரை மணி ஆனபின் விளக்குகள் அணைந்தன. ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எனக்கு முன்னே நின்றவர்கள் அனைவரும் கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்திருந்ததால், ராம்பில் நடந்தவர்களின் தோளுக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் கண்டேன். பாவாடையின் அடி விளிம்பு எப்படி மடித்துத் தைக்கப்பட்டிருந்தது என்பதை அறைக்குத் திரும்பி, அதே காட்சியின் நேரலைப் பதிவை ஓடவிட்டுத்தான் பார்த்தேன். 2020 ஜூனில் இலண்டன் ஆடை வாரம் முழுக்க இணையத்துக்கே மாறியது. பிறகு நேரடிக் காட்சிகள் திரும்பியபோதும் நேரலைப் பழக்கம் போகவில்லை. அந்தப் பதிவைக் கீழக்கரையில் எங்கள் மாடித் திண்ணையிலும் பார்க்கலாம்.

அப்படியானால் நேரில் போவதில் என்ன மிச்சம்? மனிதர்கள். காட்சி முடிந்த பின் வாசலில் அடுத்த நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், துணி வாங்குபவர், தையல் மாதிரி வெட்டுபவர், பத்திரிகை உதவியாசிரியர் என்று மூன்று பேரிடம் பேசலாம். அதை எந்த நேரலையும் தராது. இலண்டன் எனக்குக் கொடுத்தது இந்த வாசற்பேச்சைத்தான், அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒரு கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து அதன் தரத்தைச் சொல்லும் கண் எனக்கு அங்கேதான் வந்தது.

துபாய் ஆடை வாரம் அளவில் சிறியது. துபாய் டிசைன் டிஸ்ட்ரிக்ட் வளாகத்தில் 2023 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. எழுதுபவர்களுக்கு அங்கே இடம் எளிதில் கிடைக்கிறது, உட்கார நாற்காலியும் கிடைக்கிறது. வந்தவர்களின் உடையைப் படமெடுப்பவர்கள் மேடையைப் படமெடுப்பவர்களை விட அதிகம் என்று எனக்குத் தோன்றியது என் குறைபாடாகவும் இருக்கலாம். துபாயில் ஆடையைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்த வளாகத்துக்கு வெளியேதான். ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் கால்வாயைக் கடந்து பர்துபாய் துணிக்கடைத் தெருவில் இறங்கினால், ஒரே பாலியஸ்டர் துணி மூன்று கடைகளில் மூன்று பெயரில் விற்கப்படுவதைக் காணலாம். சத்வாவின் தையற்கடைகளில், அமர்ந்த இடத்திலிருந்தே கண்ணளவில் அபாயாவின் நீளத்தைச் சொல்லிவிடும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதியவைதான் துபாயில் நான் எழுதியவற்றுள் இன்றும் எனக்குப் பிடித்தவை.

ஊரிலிருந்து போகக்கூடியவை மும்பையும் டெல்லியும். லக்மே ஆடை வாரம் 2000-த்தில் தொடங்கி ஆண்டுக்கு இரண்டு பருவமாக நடந்துவருகிறது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஆடை, கைத்தறி ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் கொடுப்பதால், தறி பற்றி எழுதுபவருக்கு அங்கே பேச ஆள் கிடைப்பார்கள். ஆனால் நான் பரிந்துரைப்பது டெல்லியில் 2024 பிப்ரவரியில் முதன்முறை நடந்த பாரத் டெக்ஸ் ஜவுளிக் கண்காட்சியை. அது வணிகர்களுக்கானது, ராம்பை விடக் கடைகளே பிரதானம், துணியைத் தொடலாம், கசக்கலாம், விலை கேட்கலாம். 2025-இல் அது பாரத் மண்டபத்தில் நடந்தது. ‘மண்டபத்துக்குப் போகிறேன்’ என்று நான் சொன்னதைக் கேட்டு, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் மண்டபம் என்று நினைத்த மாமி, வரும்போது கருவாடு வாங்கிவரச் சொன்னார்.

நிகழ்ச்சிகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது, எழுதுவதற்கான சரக்கு எங்கே இருக்கிறது என்பது. இலண்டனில் ஒரே காட்சியைப் பற்றி அன்று மாலையே நூறு பேர் எழுதுகிறார்கள். நான் நூற்றியோராவது ஆள். இரண்டு பேருந்து மாறி, பரமக்குடிக்கு எதிரே வைகையின் அக்கரையில் எமனேஸ்வரத்தில் இறங்கினால் நான் மட்டும்தான். அங்கே சௌராஷ்டிர நெசவாளர் வீடு ஒன்றில் ஒரு முழுக் காலை உட்கார்ந்திருந்தேன். தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டம்மா விரல்நுனியில் சாம்பலைத் தொட்டு, பழைய பாவின் இழைமுனையையும் புதியதன் முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்குகிறார். முடிச்சு விழுவதில்லை, முறுக்கிலேயே இரண்டும் ஒன்றாகின்றன. ஒவ்வோர் இழைக்கும் அந்த ஒரு முறுக்கு. எத்தனை இழை என்று கேட்டேன். “எண்ணிக்கிட்டு உக்காந்தா வேலை ஓடாதும்மா” என்றார், கண்ணை எடுக்காமலே. அந்தக் காலைப் பொழுதைப் பற்றி எழுதியதைப் படித்துத்தான், இலண்டன் வாசற்பேச்சில் என்னைக் கவனிக்காமல் கடந்துபோன ஒருவர் பிற்பாடு தாமாகக் கடிதம் எழுதினார்.

கடற்கரையிலும் இப்படித்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பாம்பன் பக்கத்துப் பெண்கள், சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணிக்கிழிசல் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். வேலைக்கேற்ற உடை என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் நான் கண்டதில்லை. எங்கள் கீழக்கரைத் தெருவிலோ, என் உம்மம்மா வெளியே போகும்போது போர்த்திய வெள்ளைத் துப்பட்டி போய், வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் கறுப்பு அபாயா இறங்கி, இப்போது அதே அபாயாவில் கல் பதித்தது எது, பதிக்காதது எது என்று கல்யாண வீட்டில் பேச்சு நடக்கிறது. ஒரே வீட்டுக்குள் மூன்று தலைமுறை ஆடை வரலாறு.

படம் எடுப்பதற்கு வெளிச்சம் என்ற கணக்கிலும் ஊர்தான் முந்துகிறது. இலண்டனில் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். துபாயில் கோடை முழுக்க வெளியே நிற்க முடியாது. எங்கள் பக்கம் மண்டபத்துக்குப் போனால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலில் முந்தானை நிற்காது. ஊரைக் குறுக்கே கடந்து வடகடலுக்குப் போனால் தண்ணீர் தட்டில் ஊற்றியது போல் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ்.

இனி ஊர் எங்கே தோற்கிறது என்று சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் சரிகை கறுக்கும். படத்துக்கென இரவல் வந்த பட்டை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க எனக்குப் பயம். கேமரா லென்சில் பூஞ்சை பிடித்து ஒன்றை இழந்தேன். வடிவமைப்பாளர்கள் மாதிரி ஆடைகளை இரவல் தரும்போது மும்பையில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும், எனக்கு ஐந்து நாள். அதனால் புதுப் பருவச் சரக்கைப் பற்றி முதல் ஆளாக நான் எழுதவே முடியாது. கடற்கரையில் முக்காலியை நிறுத்திப் படம் எடுக்கும் பெண்ணைச் சுற்றிக் கூட்டம் சேர்வதும் கேள்வி வருவதும் இன்னும் ஓயவில்லை; காக்கா (அண்ணன்) ஒருவரைத் துணைக்கு அழைக்காமல் மாலையில் போவதில்லை. இத்தொழிலில் என் எழுத்தைக் கையிலெடுத்து ‘இந்தப் பத்தி வேண்டாம்’ என்று சொல்ல இங்கே ஆளே இல்லை என்பதுதான் இவற்றுள் பெரிய நட்டம். இலண்டனில் அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துபாயில் கை நிறைய வந்தது. தேரா பகுதியில் பெட்ஸ்பேசில், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்து, படுத்ததால் மிஞ்சவும் செய்தது. ஆனால் அது கணக்கு எழுதிய சம்பளம், ஆடை எழுத்தின் வருமானம் அன்று. இலண்டனில் மிஞ்சவில்லை. ஊரில் வருவது குறைவு, வாடகை இல்லை.

ஆகவே, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். அலங்காரப் பொருள், வாசனைத் திரவியம், ஆயத்த ஆடை ஆகியவற்றை அணிந்து காட்டுவதே நோக்கம் என்றால் துபாய். அங்கே கடைகளும் இருக்கின்றன, கொடுக்கும் மனமும் இருக்கிறது. வெட்டு, தையல், ஆடையின் கட்டுமானம் ஆகியவற்றைக் கற்க வேண்டும் என்றால் இலண்டன். ஆனால் படிக்கும் காலத்தில் எழுத்தால் வருமானம் இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். துணியைப் பற்றியும் அதை உடுத்துபவர்களைப் பற்றியும் எழுதுவதாக இருந்தால் இராமநாதபுரம் மாவட்டத்தை விட்டு நகரக் காரணமே எனக்குத் தெரியவில்லை. ஒரு முறை டெல்லி, இன்னொரு முறை மும்பை, மற்ற நாளெல்லாம் பரமக்குடிப் பேருந்து போதும்.

சிற்றப்பா மகள் ஒருத்தி அடுத்த மாதம் மதுரையிலிருந்து துபாய் விமானம் ஏறுகிறாள். வேலை உறுதியாகிவிட்டது, எழுத்தைத் தொடர வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. “ராத்தா, பெட்டியில என்ன வைக்க?” என்று கேட்டாள். வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழில் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு அதன் நகல் ஒன்றை வைக்கச் சொன்னேன். உம்மம்மாவின் வெள்ளைத் துப்பட்டியையும் கேட்டாள். அதைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். படம் எடுக்க வேண்டுமென்றால் விடுப்பில் ஊருக்கு வரட்டும்.