வேகம் விநாடிக்கு 18 அடி குறைந்தது, குரூப் (அம்புகள் சேர்ந்து குத்தும் வட்டம்) சுருங்கியது: 38 அங்குல காம்பவுண்ட் வில், எட்டு மாதம் கழித்து

மூன்று வருடம் நான் எய்தது 31 அங்குல காம்பவுண்ட் வில் (முனைகளில் கேம் என்ற சக்கரங்கள் உள்ள வில்; அங்குலம் அந்தச் சக்கர அச்சுகளுக்கு இடையிலான நீளம்). பிரேஸ் ஹைட், அதாவது இழுக்காதபோது பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, 6 அங்குலம். விநாடிக்கு 340 அடி என்று போட்டிருந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது எட்டு மாதமாக எய்வது 38 அங்குல டார்கெட் வில், பிரேஸ் ஹைட் 7¼, கேட்டலாக் வேகம் 318 அடி.

முதலில் அந்த 340 எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுவை நீளம், 350 கிரெயின் (எடை அளவு) அம்பு, இப்படி வைத்து அளக்கிற எண் அது. எனக்கு இழுவை நீளம் 28½, இழுவிசை 55, அம்பு 385 கிரெயின். இழுவை ஒரு அங்குலம் குறைந்தாலே சுமார் பத்தடி போய்விடும், மீதியைக் குறைந்த இழுவிசையும் அம்பின் எடையும் தின்றுவிடும். குரோனோகிராஃபில் (அம்பின் வேகத்தை அளக்கும் கருவி) பழைய வில் 272 காட்டியது, புதியது 254.

இந்த 18 அடி எங்கே போனது? நாணை எவ்வளவு தூரம், எவ்வளவு கனமாக இழுக்கிறோமோ அவ்வளவு ஆற்றல் லிம்பில் (வில்லின் வளையும் பகுதி) சேரும். பிரேஸ் ஹைட் குறைந்தால் அந்தத் தூரம் கூடும். வேகத்துக்காகச் செய்த கேம் என்றால் இழுக்க ஆரம்பித்ததுமே உச்ச எடைக்கு ஏறி, கடைசி வரை இறங்காமல் நின்று, அப்புறம் முழு இழுவையில் கனம் குறையும் பள்ளத்தில் சட்டென்று விழும். பழைய வில்லில் அந்தப் பள்ளம் ரொம்பக் குறுகல், ஆங்கரில் (முழுக்க இழுத்த கையை முகத்தில் நிறுத்தும் இடம்) கை அரை அங்குலம் தளர்ந்தால் போதும், நாண் தோளையே பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடப் பார்க்கும். புதியதில் நிதானமாக மூச்சு விட்டு, பீப் (நாணில் உள்ள பார்வைத் துளை) வழியாகப் புள்ளியைப் பார்த்து, முதுகை இறுக்கி ரிலீஸ் (நாணை விடுவிக்கும் கைக்கருவி) தானாக விடும் வரை காத்திருக்க முடிகிறது. எனக்கு இதுதான் பெரிய மாற்றம்.

குறைந்த பிரேஸ் ஹைட் வில் தவறைப் பொறுக்காது என்பதற்கு, அம்பு நாணில் கூடுதல் நேரம் இருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது அரை மில்லி விநாடிகூட வராது, ஆகவே அது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. பிடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேக வில்லில் ரைசர் (வில்லின் நடுச்சட்டம்) வளைந்து, பிடி நாணை நோக்கிப் பின்னால் தள்ளி நிற்கும், உள்ளங்கை லேசாகத் திருகினாலும் வில் கூடவே திரும்பும். அறுபதாவது அம்புக்குப் பக்கம் கை களைத்த பிறகு, பழைய வில்லில் இரண்டு அம்பு தவறாமல் இடப்பக்கம் 8 புள்ளி வளையத்தில் போய்க் குத்தும். 38 அங்குல வில்லில் அதே கைத்திருகல் 9-ஐத் தாண்டுவதில்லை. நீள வில்லில் நாணின் கோணமும் அகலம், மூக்கு நுனி நாணைத் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே அமைகிறது.

தூரம் தெரியாத இடத்தில் வேகம் வேண்டாமா என்று கேட்கலாம். 40 மீட்டரை இரண்டு மீட்டர் தப்பாக மதிப்பிட்டால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், பழைய வில்லில் ஏறத்தாழ 5¾ சென்டிமீட்டர் தப்பும், புதியதில் 6½. ஒரு சென்டிமீட்டர்கூட வராத அந்த வித்தியாசத்துக்காக ஒவ்வொரு அம்பிலும் பதற்றத்தைச் சுமக்க எனக்கு மனமில்லை. 50 மீட்டர் போட்டியில் தூரம் முன்பே தெரியும், சைட்டை (குறிபார்க்கும் கருவி) அதற்கு வைத்துவிட்டால் வேகம் கேள்வியே இல்லை.

குறையும் இருக்கிறது. ஸ்டெபிலைசர் (வில் ஆடாமலிருக்க மாட்டும் தண்டு) போட்டதும் நல்ல கனம், முதல் மாதம் இடது தோள் வலித்தது. கூடவே வந்த பிடி எனக்கு ரொம்பத் தடிமன், கழற்றிவிட்டு ரைசர் மேலேயே டேப் சுற்றி எய்கிறேன். மரங்களுக்கு நடுவே, மண்டியிட்டு எய்ய இந்த நீளம் சரிப்படாது, அங்கே 31 அங்குல வில்தான் வசதி, அதனால் அதை விற்கவில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் வில்லை முழுக்க இழுத்து முப்பது எண்ணும் வரை பிடித்துப் பாருங்கள், பிறகு அம்பைக் குறியில் வைத்தபடியே மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போது கேம் எப்படி நடந்துகொள்கிறது என்பது கேட்டலாக்கில் இருக்காது.