சென்னை ஈரக்காற்றில் மாணவர் ரக போலரைசிங் மைக்ராஸ்கோப்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

மாற்றமடைந்த டாலரைட்டில் (கருநிறத் தீப்பாறை) பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் கனிமம் சிதைந்த இடத்தில் நிறமற்ற கனிமம் ஒன்று. மஸ்கோவைட்டா, பிரெஹ்னைட்டா, எபிடோட்டா? இதைக் கண்டறிய மாணவர் ரக போலரைசிங் மைக்ராஸ்கோப்பே, அதாவது ஒளியை ஒரே தளத்தில் அதிரவைத்துக் கனிமங்களைப் பார்க்கும் நுண்ணோக்கியே, போதும். விலையைக் கூட்டினால் லென்ஸ் தெளியும், விடை மாறாது.

பிழை பெரும்பாலும், ஒளி ஊடுருவும்படி கல்லைத் தேய்த்து மெலிதாக்கிய தின் செக்‌ஷனில்தான். 0.03 மி.மீ. இருக்கவேண்டியது 0.04 ஆனால், பிரெஹ்னைட் மஸ்கோவைட்டின் நிறங்களைக் காட்டி ஏமாற்றும். தடிமனைச் சோதிக்க வழக்கமாகப் பார்க்கும் குவார்ட்ஸ் டாலரைட்டில் அரிது என்பதால் சிதையாத பிளேஜியோகிளேஸைப் பாருங்கள். கிராஸ் போலரில் (இரு போலரைசர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்போது) சாம்பல்-வெள்ளையைத் தாண்டி மஞ்சளடித்தால் தடிமன் கூடுதல். பல்லாவரத்துப் பாறையான சார்னோக்கைட்டின் செக்‌ஷன் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அதிலுள்ள குவார்ட்ஸ் கண்ணுக்கு அளவுகோல். ஒற்றைப் போலரைசரில் ஸ்டேஜை (சுழலும் மேடையை) திருப்பும்போது அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் கனிமம் இளஞ்சிவப்புக்கும் பச்சைக்கும் மாறவில்லையென்றால் போலரைசரைச் சோதியுங்கள்.

அடுத்தது ரிலீஃப், அதாவது கனிமம் சுற்றியிருப்பதிலிருந்து எவ்வளவு துருத்தித் தெரிகிறது என்பது. ஒளித்துளையான டயஃப்ரத்தைக் குறுக்கினால் எபிடோட் தடித்த கருவிளிம்போடு துருத்தி நிற்கும். பெரும்பாலும் லேசான மஞ்சள்பச்சையும் இருக்கும். அதை ஒதுக்கியாயிற்று. மற்ற இரண்டில் பிரெஹ்னைட்டுக்கு ரிலீஃப் சற்று அதிகம், ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பிப் பெயர் சூட்ட வேண்டாம். நடுவில் இறுக்கிக் கட்டிய நெற்கதிர்க் கட்டுபோல் விரிந்தால் பிரெஹ்னைட் என்று சந்தேகிக்கலாம்.

முடிவு சொல்வது ஜிப்சம் பிளேட், ஒளிப்பாதையில் செருகினால் நிறத்தை ஒரு வரிசை ஏற்றும் அல்லது இறக்கும் தகடு. வரிசை என்பது திரும்பத் திரும்ப வரும் நிறச் சுற்று. பிளவுக்கோடு (கனிமம் பிளக்கும் தளத்தின் கோடு) தெரியும் துணுக்கை முழுதாக இருளும்வரை திருப்புங்கள். பிறகு 45 டிகிரி திருப்பி, பிளவுக்கோட்டை பிளேட்டில் பொறித்த மெதுகதிர் (மெதுவாகச் செல்லும் ஒளிக்கதிர்) திசைக்கு இணையாக்கி பிளேட்டைச் செருகுங்கள். இரண்டாம் வரிசை மஞ்சள் முதல் வரிசைக்கு இறங்கினால் பிரெஹ்னைட். மூன்றாம் வரிசையின் வெளிறிய நிறங்களுக்கு ஏறினால் மஸ்கோவைட். ஸ்டேஜின் மையம் விலகியிருந்தால் திருப்பும்போது துணுக்கு பார்வையை விட்டு ஓடும்; ஆப்ஜெக்டிவின் (கல்லுக்கு அருகிலுள்ள லென்ஸ்) இரு திருகுகளையும் முதலிலேயே சரிசெய்வது உத்தமம்.

கருவியின் நிஜ எதிரி சென்னைக் காற்று. மூடி வைத்த பெட்டியில் நீல நிறம் போய்விட்ட, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றாமல் விட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் ஆப்ஜெக்டிவ் உள்ளே பூஞ்சை படர்ந்துவிடும். படம் மங்கும், துடைத்தும் போகாது. பச்சைக் கனிமமான குளோரைட்டும் களிமண்ணும் நிறைந்த கல்லைத் தண்ணீரில் தேய்த்தால் ஊறிப் பெயர்ந்து செக்‌ஷனில் ஓட்டை விழும். கடைசித் தேய்ப்புக்கு மண்ணெண்ணெய் நல்லது. மிக நுண்ணிய துகள்கள் மண்டிய பகுதியில் செரிசைட்டா (மிக நுண்ணிய மஸ்கோவைட்) களிமண்ணா என்று இந்தக் கருவி சொல்லாது; படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் டிஃப்ராக்‌ஷனுக்குத்தான் அனுப்ப வேண்டும்.