புரொபேட் விளம்பரம் வந்துவிட்டது என்று நம்பிப் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள்

உறவினர் யாராவது தம் உயிலில் உங்களை எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராகப் போட்டிருந்தால், ஒரு ரூபாயைக்கூட யாரிடமும் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் இருந்தார். வங்கியில் போட்டிருந்த 24 லட்ச ரூபாயை என் அத்தை பிள்ளைகள் மூவருக்கும் சமமாக எழுதிவைத்து, பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். எனக்கு ஒரு மர அலமாரியும் அதிலிருந்த புத்தகங்களும். அவர் என்னை நம்பியதே எனக்குப் பெரிதாக இருந்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்க ஒரு வக்கீலை அமர்த்தினேன். புரொபேட் கைக்கு வந்ததும், தெரிந்த பாக்கிகளையெல்லாம் அடைத்தேன். ஈமச் செலவு, மருத்துவமனை பில், வீட்டு வேலை செய்த அம்மாவின் இரண்டு மாதச் சம்பளம். பிறகு வக்கீலிடம், "வேறு யாருக்காவது அவர் பணம் தரவேண்டியிருந்தால்?" என்று கேட்டேன். "பேப்பரில்தான் விளம்பரம் வந்துவிட்டதே அம்மா, ஒருவரும் வரவில்லை. தைரியமாகப் பிரித்துக் கொடுங்கள்" என்றார். ஆளுக்கு 8 லட்சம் கொடுத்துவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. அச்சகம் நடத்திய நண்பர் ஒருவரின் வங்கிக் கடனுக்குப் பெரியப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். 9,60,000 ரூபாய் கேட்டு, பெரியப்பாவின் எக்ஸிகியூட்டர் என்ற முறையில் என் பெயருக்கே நோட்டீஸ். போலியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இணைத்திருந்த நகலின் கடைசிப் பக்கத்தில், பெயரின் கீழே ஒரு கோடும் அதன் முனையில் இரண்டு புள்ளிகளும் இருந்தன. என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் அதே கோட்டையும் புள்ளிகளையும் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஜாமீன் போட்டவர் இறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவர் உயிரோடிருந்தபோதே வங்கி கொடுத்துவிட்ட கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு வக்கீலைப் பார்த்தபோதுதான் விஷயமே புரிந்தது. புரொபேட் வழக்கில் பேப்பரில் வருவது, உயிலை ஆட்சேபிப்பவர்கள் வரலாம் என்ற அழைப்பு. கடன் கொடுத்தவர்களை அழைப்பது வேறு அறிவிப்பு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கடன்களை அடைத்த பிறகுதான் உயிலில் சொன்னதைக் கொடுக்கலாம். கடன் கொடுத்தவர்களுக்கு உயர் நீதிமன்ற விதிப்படி அறிவிப்புக் கொடுத்து, அதில் சொன்ன கெடு முடிந்த பிறகு பிரித்துக் கொடுத்திருந்தால், எனக்குத் தெரியாத கடனுக்கு நான் பொறுப்பில்லை. வங்கி நேராகப் பணம் வாங்கியவர்களிடம் போயிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு இல்லாததால் என் சொந்தப் பணத்துக்கே ஆபத்து. இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை உயில்படி எதையும் கொடுக்கச் சொல்லி யாரும் எக்ஸிகியூட்டரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நானோ ஆறாவது மாதமே கொடுத்திருந்தேன்.

பழைய வக்கீலிடம் போனேன். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நீங்கள்தானே அம்மா" என்றார். கட்டணம் வாங்கிக்கொண்டு, நேராகக் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொன்னவர் பேசும் பேச்சா இது? அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போக வழியில்லை. வக்கீல்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன்.

முன்பே தெரியாத கடன் என்பதால், பணம் வாங்கியவர்களிடம் அவரவர் பங்கின் விகிதப்படி திருப்பிக் கேட்க எனக்கு உரிமை உண்டு. ஆளுக்கு 3,20,000. அத்தை மகள் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டாள். மூத்தவன் தவணையில் தருகிறான். இளையவன், "மாமா எனக்குக் கொடுத்தது. நீங்கள் கேட்பது நியாயமா அக்கா?" என்றவன், அதன்பிறகு போனை எடுப்பதில்லை.

பெரியப்பாவின் பெயரில் கடன் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர்களிடமிருந்து இன்னும் வராத தொகையை என் வைப்புநிதியிலிருந்து எடுத்து வங்கிக்குக் கட்டிவிட்டேன்.

உங்களுக்கு இந்தப் பொறுப்பு வந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் மறுத்துவிடலாம். ஏற்றுக்கொண்டால், "கடன் கொடுத்தவர்களுக்கான அறிவிப்பை எப்போது வெளியிடப் போகிறீர்கள்?" என்று வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். இறந்தவர் யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறாரா என்று அவருடைய நண்பர்களிடமும் விசாரியுங்கள். அந்த அச்சக நண்பர் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவரிடம் நான் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.