பல் ஒட்டுப்பிசினுக்கு வலுவூட்ட சிலிக்காவா, ஹைட்ராக்ஸிஅபடைட்டா?

சொத்தையைச் சுரண்டி எடுத்த குழியில் அடைப்பைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம் (ஒட்டுப்பிசின்) ஒரு துளியைத் தேய்த்து, காற்றை ஊதி மெலிதாக்கி, நீல ஒளியில் இறுகச் செய்தால் உருவாகும் படலம் பெரும்பாலும் தலைமுடியைவிட மெல்லியது. கனிமத்துகள் சேராத வெறும் பிசினாக இருந்தால், மெல்லும் அழுத்தத்தில் அதில் எளிதாக விரிசல் காணும்.

அப்படிச் சேர்க்கும் துகளாகச் சிலிக்காவை எடுத்துக்கொண்டால், அதன் பலம் பிடிப்பில் இருக்கிறது. துகளின் மேல் பூசும் சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள், ஒரு பக்கம் கனிமத்தையும் மறுபக்கம் பிசினின் அடிப்படைப் பொருளான மெத்தாக்ரிலேட்டையும் வேதிப்பிணைப்பால் கோத்துக்கொள்கிறது. 1960-களில் பல் பொருள் ஆய்வாளர் ரஃபேல் போவன் காம்போசிட் (பிசினும் கனிமத்துகளும் கலந்த) அடைப்புகளுக்குக் கையாண்ட உத்தியும் இதுவே. ஒளியை வளைக்கும் அளவைக் காட்டும் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46 என்று பிசினுக்கு நெருக்கமாக இருப்பதால், ஒளி அதிகம் சிதறாமல் அடிவரை செல்கிறது.

ஹைட்ராக்ஸிஅபடைட் பல்லுக்கு அந்நியமன்று. எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்தக் கனிம வகைதான். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.65-ஐ ஒட்டியிருப்பதால், அளவு கூடக்கூடப் படலம் மங்குகிறது. சிலேனும் சிலிக்காவைப் பற்றுவதுபோல் அதை உறுதியாகப் பற்றுவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பல்லின் கால்சியத்தைப் பற்றி ஒட்டும் எம்டிபி போன்ற அமில மோனோமர் (பிசினாக இறுகும் சிறு மூலக்கூறு) கலந்த ஒரே குப்பிப் பிசினில், அந்த மோனோமர் பல்லைத் தொடுவதற்கு முன்பே குப்பிக்குள் இருக்கும் அபடைட் துகளின் கால்சியத்தோடு வினைபுரிந்துவிடக்கூடும்.

ஆகவே அன்றாட அடைப்புக்குச் சிலிக்காவையே நான் தேர்வேன். அபடைட்டுக்கு ஏற்ற இடம், அமில மோனோமர் இல்லாத தனிப் பிசின் குப்பி. எதுவானாலும் துகள்கள் திரண்டுவிட்டால், டென்டினில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளின் நானோமீட்டர் கணக்கிலான இடைவெளிகளுக்குள் நுழையாமல் மேலேயே தங்கிவிடும்.