எரர் இல்லாத தப்பு: லாரவெல் கன்டெய்னரும் சிங்கிள்டனும்

"சிங்கிள்டனா, பைண்டா, எதைப் போடுறது?" காட்பாடி நண்பர் கேட்ட இந்த ஒரு கேள்விக்குத்தான் இது பதில். லாரவெல் என்ற பிஹெச்பி ஃப்ரேம்வொர்க்கில் கிளாஸ்களை உருவாக்கி, வேண்டிய இடத்தில் கொடுக்கும் பகுதிதான் கன்டெய்னர். அதில் சிங்கிள்டன் என்று பதிந்தால் ஒரே ஆப்ஜெக்ட்டையே எல்லோருக்கும் தரும், பைண்ட் என்றால் கேட்கும்போதெல்லாம் புதிதாகச் செய்து தரும். லாரவெல் 5.5 தொடங்கி 11 வரை பில்லிங் வேலைகளில் ஓட்டிப் பார்த்து எழுதுவது. கன்டெய்னரைப் பற்றி இதற்கு மேல் பாடத்துக்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். எஸ்எம்எஸ் கேட்வேயை மாற்ற புரொவைடரில் (கன்டெய்னரில் எதற்கு எந்த கிளாஸ் என்று பதியும் இடம்) ஒரு வரி போதும், கன்ட்ரோலரைத் தொடவே வேண்டாம். 'வென், நீட்ஸ், கிவ்' என்று எழுதினால் ஒரே இன்டர்ஃபேஸுக்கு ரசீது அனுப்பும் கிளாஸில் ஒன்று, ஓடிபி அனுப்பும் கிளாஸில் வேறொன்று கிடைக்கும். கன்ஸ்ட்ரக்டரில் வெறும் ஸ்ட்ரிங் கேட்டு மாட்டிக்கொண்டாலும் எந்த கிளாஸ், எந்த பாராமீட்டர் என்று எரரே காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் அருமை.

எரிச்சல் எல்லாம் கியூ வொர்க்கரில்தான், அதாவது வரிசையில் போட்ட வேலைகளை (ஜாப்) பின்னணியில் முடிக்கும் புராசஸில். வெப் ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கும் பிஹெச்பி-எஃப்பிஎம்மில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடும் கன்டெய்னர் செத்துப் பிறக்கிறது. அதனால் சிங்கிள்டனுக்குள் எதை வைத்தாலும் தப்பித்துவிடலாம். 'கியூ:வொர்க்' அப்படியில்லை. ஒரு தடவை பூட் ஆகி, அதே கன்டெய்னரோடு வரிசையாக வேலைகளை முடித்துக்கொண்டே போகும். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று மூன்று கிளை உள்ள ஒரு ஷூ அப்பர் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைக் குறியீட்டை கன்ஸ்ட்ரக்டரில் வாங்கும் 'இன்வாய்ஸ் எண்' கிளாஸை சிங்கிள்டனாகப் போட்டால், முதல் ஜாப் ஆம்பூர் என்றால் அடுத்து வரும் ராணிப்பேட்டை பில்லுக்கும் ஆம்பூர் வரிசை எண்தான் விழும். லாக்கில் ஒரு வரி இருக்காது. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைச் சொல்வார்களே, அந்தப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்: எரர் இல்லாத தப்பு.

டெஸ்ட்டிலும் சிக்காது, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஆப் புதிதாக எழும்புவதால். லோக்கலில் கியூ 'சிங்க்'கில் இருந்தால் ஜாப் ரிக்வெஸ்ட்டுக்குள்ளேயே ஓடிவிடும், அங்கேயும் மறைந்துகொள்ளும். பிடிக்க வழி: டேட்டாபேஸ் கியூவுக்கு மாற்றி, இரண்டு கிளைக்கு ஒவ்வொரு ஜாப் போட்டு, 'கியூ:வொர்க் --ஸ்டாப்-வென்-எம்ப்டி' ஓட்டுங்கள். இரண்டாவது பில்லில் தெரிந்துவிடும்.

சிங்கிள்டனை 'ஸ்கோப்ட்' (ஒரு ரிக்வெஸ்ட் அல்லது ஒரு ஜாப் வரை மட்டும் வாழும் சிங்கிள்டன்) ஆக்கினால் ஒவ்வொரு ஜாப்புக்கும் முன்னால் வொர்க்கரே அதைத் துடைத்துவிடும். எட்டாம் பதிப்பிலேயே வந்த வசதி. ஆனால் இங்கேயும் ஒரு குழி. அந்த ஸ்கோப்ட் கிளாஸை வேறொரு சிங்கிள்டன் தன் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி வைத்திருந்தால், கன்டெய்னர் துடைத்தாலும் அதன் கையில் பழையதுதான் இருக்கும். ஒன்றை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது. புரொவைடர்களில் 'சிங்கிள்டன்' என்று தேடி, ஒவ்வொன்றின் கன்ஸ்ட்ரக்டரிலும் ரிக்வெஸ்ட், யூசர், கிளை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்துக்கு 'கியூ:லிசன்' போடலாம், ஜாப்புக்கு ஒரு புது புராசஸ், சர்வர் மூச்சுவாங்கும். ஆக்டேனில் (ஆப்பை மெமரியிலேயே வைத்து ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கும் லாரவெல் பேக்கேஜ்) ஓட்டுகிறவர்களுக்கு இதே தலைவலி வெப் ரிக்வெஸ்ட்டிலும் உண்டு.

ஆக, நண்பருக்குப் பதில்: சந்தேகமாக இருந்தால் பைண்ட். கிளைக் குறியீட்டை மெத்தடுக்கு ஆர்கியுமென்ட்டாகவே கொடுங்கள், கன்ஸ்ட்ரக்டர் பக்கமே போக வேண்டாம். இவ்வளவு புகழ்ந்த பிறகும், மூன்று கிளாஸ் மட்டுமே உள்ள சின்ன பில்லிங் வேலைக்கு கன்டெய்னர் இல்லாமல் நேரடியாக 'நியூ' போட்டு எழுதுவதைத்தான் இன்றைக்குச் சிபாரிசு செய்வேன்.