வாட்டர்லூவில் ஒரு லாட்ஜ்காரரைத் தேடிப் போனேன்

பிரஸ்ஸல்ஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "மாமா, பட்டாளத்துக்காரர் நீங்கள் வாட்டர்லூவைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பலாமா?" என்று மருமகன் என்னைக் காரில் ஏற்றிவிட்டார். 22 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை நம்பி 14 அறையுள்ள லாட்ஜ் நடத்துகிறேன். அதனால் இங்கே தோற்ற நெப்போலியனையும் ஜெயித்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனையும்விட எட்வர்டு காட்டன் என்ற மனிதரைப் பற்றித்தான் எனக்கு ஆவல் அதிகம்.

காட்டன் இங்கிலாந்தின் 7ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படைக்காரர். 1815 ஜூன் 18 அன்று இதே வயலில் சண்டை போட்டவர். காயம்பட்ட குதிரைக்கு அடியில் சிக்கிக் கிடந்த சக வீரர் ஒருவரை, எதிரிக் குதிரைகள் நெருங்கி வந்த நேரத்தில் இழுத்து மீட்டார். பிறகு சார்ஜென்ட் மேஜராகி ஓய்வு பெற்று, 1830களில் போர்க்களத்தை ஒட்டிய மோன்-சான்-ஜான் ஊருக்குத் திரும்பிவந்து குடியேறினார். வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் போர்க்களத்தைச் சுற்றிக் காட்டினார். பொறுக்கிய, வாங்கிய வாள், தலைக்கவசம், துப்பாக்கிக் குண்டு எல்லாவற்றையும் வைத்து அருங்காட்சியகம் தொடங்கி, அதையே தங்கும் விடுதியாகவும் ஆக்கினார். பெயரே ஓட்டல் ட்யூ மூஸே, அதாவது மியூசியம் ஓட்டல். போரைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். படுக்கை, சாப்பாடு, காட்சி, கதை, புத்தகம் என ஒரே ஆளிடம் ஐந்து வரும்படி! என் லாட்ஜில் வெந்நீருக்குத் தனியாகப் பத்து ரூபாய் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள்.

இனி இடத்தைப் பற்றி. முதலில் சிங்க மேடு, அதாவது உச்சியில் சிங்கச் சிலை வைத்த செயற்கை மண்குன்று. 226 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று மேலே பார்த்துக்கொள்வது நல்லது. நான் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினேன். உச்சியில் காற்று தொப்பியைப் பிடுங்குகிறது. ஆனால் மேலே நின்றால் களம் முழுவதும் உள்ளங்கை போலத் தெரியும். ஒன்று மட்டும் உறுத்தியது. வெலிங்டன் பக்கம் நின்று போரிட்ட நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் காயம்பட்ட இடத்தைக் குறிக்க 1826இல் முடித்த இந்த மேட்டுக்கு, வெலிங்டன் தன் படையை மறைத்து நிறுத்திய அதே மேட்டுநிலத்திலிருந்துதான் மண் வெட்டி எடுத்தார்கள். தரையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு இது வயிற்றெரிச்சல். காட்டன் இங்கே வந்தபோதே மண் போய்விட்டது. "இங்கே இவ்வளவு உயரம் இருந்தது" என்று கையைத் தூக்கிக் காட்டித்தான் அவர் பிழைத்திருக்க வேண்டும். பக்கத்தில், போரில் இறந்த வெலிங்டனின் உதவி அதிகாரி கார்டனின் நினைவுத்தூண் நிற்கும் திட்டைப் பாருங்கள். பழைய தரைமட்டம் எங்கே இருந்தது என்று அது சொல்லிவிடும்.

அடிவாரத்து வட்டக் கட்டடத்தில் 110 மீட்டர் சுற்றளவுள்ள போர்க்கள ஓவியம் இருக்கிறது. பார்க்கலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

நேரத்தை மிச்சம் பிடித்து, வெலிங்டன் படை காத்து நின்ற ஊகுமோன் பண்ணைக்குப் போங்கள். வயல் நடுவே நடந்தே போனோம். செங்கல் மதில், பெரிய வடக்கு வாசல், உள்ளே சின்னத் தேவாலயம். தேவாலயத்துச் சுவரில் மரச் சிலுவை. போரன்று பிடித்த தீ ஏசுவின் பாதம் வரை வந்து நின்றுபோனது. கரிந்த பாதத்தை இன்றும் பார்க்கலாம். 2011இல் திருடுபோய், 2014இல் திரும்பக் கிடைத்தது. நான் கோயிலுக்குப் போகிறவன்தான், சர்ச்சுக்கு இல்லை. ஆனாலும் அந்தக் கரிந்த விரல்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றத் தோன்றியது. மகள் தடுத்துவிட்டாள்.

1849இல் இறந்த காட்டனை முதலில் புதைத்தது இந்தப் பண்ணைத் தோட்டத்தில்தான், போரில் இறந்த கேப்டன் பிளாக்மனுக்குப் பக்கத்தில். பிளாக்மனின் கல் இன்னும் இருக்கிறது. இருவர் எலும்புகளும் இங்கே இல்லை. 1890இல் பிரஸ்ஸல்ஸின் எவெர் கல்லறையில் பிரிட்டிஷ் நினைவுச்சின்னம் எழுப்பியபோது அங்கே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் அதையும் போய்ப் பார்த்தேன். அடியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். போருக்கு 34 வருடம் கழித்து இறந்த லாட்ஜ்காரர் ஒருவர் அவர்களோடு படுத்திருக்கிறார். அதிகாரிகளும் மற்றவர்களும் தனித்தனியாகச் சாப்பிடும் எங்கள் பட்டாளத்து மெஸ்ஸில் இது நடக்காது!

அவருக்குப் பிறகு குடும்பத்தார்தான் ஓட்டலையும் அருங்காட்சியகத்தையும் நடத்தினார்கள். 1909 வரை, அதாவது அறுபது வருடம். அப்புறம் சேகரிப்பு விலைபோய்ச் சிதறிவிட்டது. ஒரு தலைமுறை சேர்த்ததை இன்னொரு தலைமுறை அறுபது வருடம் தூசி தட்டி வைத்ததே பெரிது. என் மகனுக்கு லாட்ஜ் சாவிக்கொத்தைக் கையில் வாங்கவே கூச்சம்.

குறை ஒன்று உண்டு. திரும்பும் வழியில் ஒரு கடையில் தேநீர் கேட்டோம். கோப்பையில் வெந்நீரும், ஓரமாக ஒரு பொட்டலமும், விரல் அளவு ஜாடியில் குளிர்ந்த பாலும் வந்தன. தேநீர் போடுவது நம் வேலை, பணம் வாங்குவது அவர்கள் வேலை. பிளாஸ்கில் எடுத்துப் போங்கள். மழைச் சட்டையும் வேண்டும். வயல் பாதை சேறாகிவிடும்.

காரில் வரும்போது மருமகன் கேட்டார்: "உங்கள் மெடலும் பட்டாளத்துத் தொப்பியும் டிரங்குப் பெட்டியில்தானே கிடக்கின்றன? லாட்ஜ் வரவேற்பில் கண்ணாடிப் பெட்டி செய்து வைத்தால் என்ன மாமா?" பெட்டி போர்வை அறையில் இருக்கிறது, அந்த அறைச் சாவி உங்கள் அத்தையிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.