'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' மறுவெளியீடு: 34 நிமிடமும் மூச்சுவிட இடமும்

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தைச் சேர்ந்த அட் தி கேட்ஸ் குழு 1995 நவம்பரில் வெளியிட்ட 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' மொத்தமே 34 நிமிடம்தான். 11 தடங்கள். ஒன்றுகூட நான்கு நிமிடத்தைத் தாண்டாது. அவற்றில் இரண்டில் குரலே கிடையாது. மெலோடிக் டெத் மெட்டலில், அதாவது மூர்க்கமான டெத் மெட்டலோடு மெட்டைக் கலக்கும் இசைவகையில், இதற்கு இணையான ஆல்பங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றிலும் இவ்வளவு இறுக்கமாகச் செதுக்கப்பட்டது வேறில்லை.

இந்த ஆல்பம் பலமுறை மறுவெளியீடு கண்டிருக்கிறது. 2002இல் ஆறு கூடுதல் பாடல்களோடு ஒரு சிடி வந்தது. பிறகு ஆல்பம் உருவான கதையைச் சொல்லும் டிவிடியோடு ஒன்று வந்தது. இசை வெளியீட்டு நிறுவனமான இயரேக் தன் பழைய மெட்டல் ஆல்பங்களை மறுபடி மாஸ்டரிங் (கலந்து முடித்த பாட்டின் ஒலியை வெளியீட்டுக்கு முன் இறுதியாகச் சீர்செய்வது) செய்து வெளியிடும் 'ஃபுல் டைனமிக் ரேஞ்ச்' வரிசையிலும் இது இடம்பெற்றது. கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று பார்த்து வாங்குவது நம் வழக்கம். இந்த ஆல்பத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. வெட்டி வெட்டிச் சுருக்கியதில்தான் இதன் பலமே இருக்கிறது. அதனால் பாட்டைக் கூட்டாமல், இருக்கிற பதினொன்றுக்கும் காற்றோட்டம் கொடுத்த ஃபுல் டைனமிக் ரேஞ்ச் பதிப்பைத்தான் முதலில் வாங்கச் சொல்ல வேண்டும்.

அந்தக் காற்றோட்டம் எங்கிருந்து வருகிறது? மாஸ்டரிங் கட்டத்தில் லிமிட்டர் என்ற கருவியை வைத்து ஒலியின் உச்சங்களை அமுக்கி, மொத்தத்தையும் மேலே தூக்குவார்கள். பாட்டு சத்தமாகக் கேட்கும். ஆனால் ஸ்னேர் (டிரம் செட்டில் கூர்மையாக ஒலிக்கும் மேளம்) அடி விழும் அந்தக் கணத்தில் எழ வேண்டிய கூர்மை மழுங்கிவிடும். கிட்டாரும் டிரம்மும் ஒரே உயரத்தில் சுவர் மாதிரி நிற்கும். மெட்டலுக்கு இது இரட்டை நஷ்டம். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்ட கிட்டார் இயல்பாகவே தட்டையான, உச்சமில்லாத ஒலி. உச்சம் என்று இருப்பதெல்லாம் டிரம்மில்தான் இருக்கிறது. அதையும் நறுக்கிவிட்டால் அடிக்கிற மாதிரியே இருக்காது, உரசுகிற மாதிரி இருக்கும். ஃபுல் டைனமிக் ரேஞ்ச் பதிப்பில் அந்த அமுக்கலைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

இதன் விளைவாக, போட்டவுடன் இது சத்தம் குறைவாகக் கேட்கும். 'சப்பென்று இருக்கிறதே' என்று பலர் முதல் நிமிடத்திலேயே முடிவுகட்டிவிடுவது இதனால்தான். வால்யூமைத் தாராளமாக ஏற்றுங்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமன்செய்யாமல் கேட்டால் தீர்ப்பு தப்பாகத்தான் வரும். ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலும், சத்தம் கூடிய பதிப்பே 'நல்லதாக' காதுக்குத் தோன்றும். கணினியில் இரண்டு கோப்புகளையும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். அமுக்கிய பதிப்பில் மேல்விளிம்பு அரிவாளால் சீவிய வேலி மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். தளர்த்திய பதிப்பில் ஸ்னேர் அடிகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: வினைல் இசைத்தட்டிலிருந்து பதிவுசெய்த கோப்பை, உச்சத்துக்கும் சராசரிச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை எண்ணாகக் காட்டும் டைனமிக் ரேஞ்ச் மீட்டரில் போட்டு, சிடியைவிட எண் அதிகம் என்று சொல்லாதீர்கள். வினைலுக்கு மாற்றும் வேலையே அலைவடிவத்தைக் குலைத்து, அந்த எண்ணைத் தானாக உயர்த்திக் காட்டும். மாஸ்டரிங் ஒன்றாகவே இருந்தாலும் இது நடக்கும்.

இனி ஒலிக்குள் போகலாம். 'பிளைண்டட் பை ஃபியர்' இயந்திர இரைச்சலில் தொடங்குகிறது. அதன்மேல் ஒரு பேச்சுக்குரல். பிறகு கிட்டார்கள் ஒரேயடியாக இறங்குகின்றன. மாறுதல் தெரிவது அந்த இறக்கத்தில். பழைய மாஸ்டரிங்கில் இரைச்சலும் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) ஏறத்தாழ ஒரே உயரம், அதனால் இறங்கியது தெரியாது. இங்கே தளம் ஒரு படி தாழ்ந்து பிறகு எழுகிறது. அடுத்து வரும் தலைப்புப் பாடலில் பாடகர் டோமஸ் லிண்ட்பெர்கின் அந்த ஒற்றைச் சொல் 'கோ!' கத்தல், மெட்டல் கேட்கும் எல்லாருக்கும் மனப்பாடம். அவர் குரல் டெத் மெட்டலில் வழக்கமான அடித்தொண்டை உறுமல் இல்லை. உயரத்தில் கிழிகிற குரல். துணியை இழுத்துக் கிழிக்கும்போது ஓர் இழை கடைசிவரை அறாமல் நிற்குமே, அது மாதிரி. அமுக்கல் குறைந்ததும் அவர் மூச்சை உள்ளிழுப்பதுகூடக் காதில் விழுகிறது. 2025 செப்டம்பரில், 52 வயதில் அவர் காலமானார். இந்தப் பதிப்பில் அந்த மூச்சுச் சத்தம் கேட்பது பெரிய விஷயம்.

'கோல்ட்' பாடலின் நடுவே வரும் கிட்டார் சோலோவை வாசித்தவர் குழுவைச் சேர்ந்தவர் அல்ல. கிங் டைமண்ட் குழுவின் ஆண்டி லராக் விருந்தாளியாக வந்து வாசித்தது. மற்ற பாடல்களில் ஆண்டர்ஸ் பியோர்லர், மார்ட்டின் லார்ஸன் இருவரின் கிட்டார்களும் ரிஃப்பிலேயே மெட்டை ஒளித்துவைத்திருக்கும். இங்கே மட்டும் மெட்டு வெளியே வந்து பாடுகிறது. லராக் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நடுங்கவிடும் விதம் கனமான பழைய ஹெவி மெட்டல் பள்ளியைச் சேர்ந்தது. பின்னால் ஓடும் ரிஃப்போ அதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும் உரசிக்கொள்ளும் சில நொடிகளுக்காகவே ஆல்பத்தை வாங்கலாம்.

டிரம்மில் ஏட்ரியன் எர்லண்ட்சன். டெத் மெட்டல் என்றாலே பிளாஸ்ட் பீட் (மின்னல் வேகத்தில் இடைவிடாமல் அடிக்கும் தாளம்) என்று நினைப்பவர்களுக்கு இங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. அவர் பெரும்பாலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய மேளம்), ஸ்னேர் என்று மாற்றி மாற்றி ஓடும் த்ராஷ் தாளத்தில்தான் நிற்கிறார். வேகம் இருக்கிறது, ஆனால் தலையாட்ட முடிகிற வேகம். பிற்பாடு அமெரிக்க மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை) குழுக்கள் வரிசையாக எடுத்துக்கொண்டது இந்தத் தாளத்தையும் அதன்மேல் ஓடும் இரட்டைக் கிட்டார் மெட்டையும்தான். அவர்களில் டார்க்கஸ்ட் ஹவர் குழு தன் 2003 ஆல்பத்துக்காக, 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' பதிவான கோதன்பர்க்கின் ஸ்டூடியோ ஃப்ரெட்மனுக்கே போய், அதன் தயாரிப்பாளர் ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமிடமே பதிவுசெய்தது.

கிட்டார் ஒலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுவெளியீட்டில் அதிகம் தெளிவது அதுதான். ஆறு கம்பிகளும் வழக்கத்தைவிட ஐந்து அரைச்சுரம் கீழே, பி ஸ்டாண்டர்ட் என்ற சுருதியில் இருக்கின்றன. தடித்த கம்பி சுமார் 62 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரும் மேசைமேல் வைக்கும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரும் அந்த ஆழத்துக்கு இறங்காது. அதில் கேட்டுவிட்டு எந்தப் பதிப்பு நல்லது என்று பேசிப் பயனில்லை, ஒரு சாதாரண வயர் ஹெட்போனாவது வேண்டும். பாஸ் என்ற நிறுவனத்தின் எச்எம்-2 பெடல் (கிட்டார் ஒலியை மாற்ற காலால் இயக்கும் சின்னப் பெட்டி) ஸ்டாக்ஹோமின் டெத் மெட்டல் குழுக்களுக்கு அடையாளமே. நாலு குமிழையும் கடைசிவரை திருகிவிட்டால் ரம்பம் மரத்தை அறுக்கிற மாதிரி ஒலி. அந்தப் பெடல் இந்த ஆல்பத்திலும் இருக்கிறது. ஆனால் ரம்பம் கட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பிக் அடியும் தனித்தனியாக விழுகிறது. (எச்எம்-2 பெடலையே 2021இல் பாஸ் மறுவெளியீடு செய்தது.) வீட்டில் வாசித்துப் பார்க்க நினைப்பவர்கள் வழக்கமான 10-46 தடிமன் கம்பியில் பி-க்கு இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் இடிக்கும். 12-60 அளவு செட் போட்டு, இன்டொனேஷனை (எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுரம் பிசகாமல் இருப்பதை) சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் ஏமாற்றம்தான். ரீமிக்ஸ் என்பது ஒவ்வொரு வாத்தியத்தின் பதிவையும் தனித்தனியே எடுத்து மறுபடி கலப்பது. ரீமாஸ்டர் என்பது ஏற்கெனவே கலந்து முடித்த இடது, வலது ஒலிகளை எடுத்துச் செய்கிற வேலை. உள்ளே புதைந்த வாத்தியத்தைத் தோண்டி எடுக்க அதனால் முடியாது. யோனாஸ் பியோர்லரின் பேஸ் கிட்டார் அசல் மிக்ஸிலேயே கிட்டார்களுக்கு அடியில் ஒட்டிக்கிடக்கிறது. இந்தப் பதிப்பிலும் அது தனியாகக் கேட்காது. அடித்தளம் கொஞ்சம் அகலமாகத் தெரியும், அவ்வளவுதான். கிக் டிரம்மின் 'டிக்' என்ற தட்டையான முனையும் அப்படியே இருக்கிறது. தளர்த்திய மாஸ்டரிங்கில் அது இன்னும் வெளிப்படையாகவே தெரிகிறது. ட்ரெபிளை ஏற்றிவைத்திருப்பவர்களுக்கு அது உறுத்தும்.

வினைலாக வாங்குபவர்களுக்கு இந்த ஆல்பம் தானாகவே ஒரு சலுகை தருகிறது. 34 நிமிடத்தை இரண்டு பக்கமாகப் பிரித்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 17 நிமிடம். 33⅓ சுற்றில் இது வசதியான நீளம். வரிப்பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசிக்கடியில் ஓடும் நீளம் வெளிவிளிம்பில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர், லேபிளுக்கு அருகே சுமார் 21 சென்டிமீட்டர்தான். அங்கே அதே உயர் அதிர்வுகளைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டியிருப்பதால், சிம்பலும் கிழிகிற குரலும் கரகரக்கும். பக்கம் குட்டையாக இருந்தால் அவ்வளவு உள்ளே போக வேண்டிய தேவை குறைகிறது.

அப்படியும் பக்க முடிவில் லிண்ட்பெர்கின் குரல் 'ஸ்ஸ்' என்று சிதறினால் தட்டைக் குறை சொல்வதற்கு முன் ஊசியைப் பாருங்கள். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் ஊசி தட்டை அழுத்தும் எடை 2.0 கிராம், ஆர்ட்டஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். 'தட்டு தேயக் கூடாது' என்று எடையைக் குறைத்து வைப்பவர்கள்தான் தட்டை அதிகம் கெடுக்கிறார்கள். எடை போதாவிட்டால் ஊசி பள்ளத்தில் குதித்துச் சுவரைக் கொத்தும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி அளந்து வையுங்கள். ஊசியைத் தாங்கும் ஆர்மின் பின்பக்க எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எடை சரியாக இருந்தும் ஒரு பக்கக் காதில் மட்டும் கரகரப்பு என்றால் ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் (ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தட்டு பிரித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நேராக 'இன்டு தி டெட் ஸ்கை' தடத்துக்குப் போங்கள். இரண்டு நிமிடம் சொச்சம் ஓடும் வாத்திய இசை, அகூஸ்டிக் கிட்டாரும் இருக்கிறது. நடுத்துளை மையம் தப்பி அடிக்கப்பட்ட தட்டில் நீண்டு நிற்கும் ஸ்வரங்கள் ஏறி இறங்கி அலையும். டிஸ்டார்ஷன் பாடல்களில் அந்தக் குறை மறைந்துவிடும், இதில் மறையாது. பின்னணியில் 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் நிலைமின்சாரமும் காகித உறையின் தூசியும்தான். கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் இரண்டு சுற்று துடைத்து, உள்ளுறையைப் பிளாஸ்டிக் பூச்சு போட்டதாக மாற்றுங்கள். ஊசி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இடித்தால் அது அச்சுக் குறை. அது துடைத்தால் போகாது, கடையில் மாற்றித்தான் வாங்க வேண்டும். பழைய தட்டோ செகண்ட்ஹேண்டோ வாங்குபவர்கள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பின்னட்டையையும் பார்த்து எந்தப் பதிப்பு என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்னட்டைப் படத்தை மட்டும் பார்த்துப் பிரித்தறிவது கடினம். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களும் ஆல்பத்தின் பெயரோடு 'ஃபுல் டைனமிக் ரேஞ்ச்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2002 சிடி ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். கூடுதல் ஆறில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஸ்லேயரின் 'கேப்டர் ஆஃப் சின்', ஆஸ்திரேலியாவின் ஸ்லாட்டர் லார்டுடைய 'லீஜியன்', ஸ்வீடனின் பங்க் குழுவான நோ செக்யூரிட்டியின் 'பிஸ்டர் வெர்க்லிக்ஹெட்'. இவர்கள் எந்தக் கிணற்றில் நீர் இறைத்தார்கள் என்பது இந்த மூன்றிலும் தெரிந்துவிடும். 'அன்டு அதர்ஸ்', 'சூசைட் நேஷன்' இரண்டின் 1995 டெமோக்களும் உண்டு. முடிந்த வடிவத்தோடு அடுத்தடுத்துக் கேட்டால், தயாரிப்பில் எவ்வளவு கறார் காட்டியிருக்கிறார்கள் என்பது புரியும். ஆனால் அவற்றைத் தனியே இன்னொரு நாள் கேளுங்கள். 11ஆவது தடமான 'தி ஃப்ளேம்ஸ் ஆஃப் தி எண்ட்' எலக்ட்ரானிக் ஒலிகளால் ஆன, குரலற்ற ஒரு முடிவு. அரை மணி நேரக் கத்தல் அத்தனையும் அதில்தான் அடங்கித் தணிகிறது. அது முடிந்து இரண்டு நொடியில் ஒரு கவர் பாடல் பாய்ந்தால் அந்த அடங்கல் வீணாகிவிடும். பிளேயரை 11இல் நிறுத்திவையுங்கள்.